மரத்தின் அடியிலேயே பிரித்துவிடுங்கள்: மரம் வெட்டப் பணி ஆணை தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உள்ளாட்சிப் பொறியாளர்களுக்கும், பூங்கா, சாலை, மின்பாதைப் பராமரிப்பு அதிகாரிகளுக்கும், அவர்களிடம் ஒப்பந்தம் எடுத்து மரம் வெட்டுவோருக்கும் வணக்கம்.

மரத்தை வெட்டலாமா கூடாதா என்ற வழக்கை இந்த மடலில் நான் எடுக்கப்போவதில்லை. பட்டுப்போன மரம் நடைபாதையில் நிற்கக் கூடாது. மின்கம்பியில் உரசும் கிளையைக் கழிக்கத்தான் வேண்டும். புயல் சாய்த்துப்போட்ட மரத்தை யாரும் நிமிர்த்தி வைக்க முடியாது. வெட்ட வேண்டியதை வெட்டுங்கள். என் கேள்வியெல்லாம் வெட்டி முடித்த பிறகு நடப்பதைப் பற்றியது.

பெரும்பாலும் நடப்பது இதுதான். அடிமரம், கப்பு, கொப்பு, மெல்லிய குச்சிகளான மிலாறு, தழை எல்லாம் ஒரே குவியலாகின்றன. நடைபாதைக் குப்பையும், கிளையில் தொங்கிய பதாகைத் துணியும், அறுந்த கம்பியும் அதோடு சேர்கின்றன. மண் அள்ளும் இயந்திரம் வந்து மொத்தத்தையும் வாரி லாரியில் திணிக்கிறது. நல்ல விலை போகும் அடிமரம் மட்டும் எப்படியோ இந்தக் குவியலுக்குள் சிக்காமல் தப்பிவிடுகிறது. மிச்சம் குப்பைக் கிடங்குக்குப் போகும். அல்லது எல்லையோரம் ஏதோ ஒரு காலி மனையில் கொட்டப்பட்டு, காய்ந்ததும் ‘யாரோ’ தீ வைத்துவிடுவார்கள்.

இதற்காக ரம்பம் பிடிக்கும் தொழிலாளியைக் குறை சொல்வது நியாயமில்லை. அவர் கையில் இருக்கும் பணி ஆணையில் கடைசியாக ஒரு வரி இருக்கும்: கழிவுகளை அகற்றி இடத்தைச் சுத்தம் செய்து தர வேண்டும். எங்கே கொண்டுபோக வேண்டும், எந்த நிலையில், யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு சொல்கூட இருக்காது. தொகை மரத்துக்கு இவ்வளவு என்றோ, லாரி நடைக்கு இவ்வளவு என்றோ பேசப்பட்டிருக்கும். விறகைத் தனியே அடுக்க ஒரு மணி நேரம் செலவழித்தால் அந்த ஒரு மணி நேரம் அவருக்கு நட்டம். நடைக்கணக்கில் பணம் என்றால், லாரியைக் காற்றடைத்த கிளைகளால் நிரப்பி நான்கு நடை அடிப்பதுதான் லாபம். ஆணையை எப்படி எழுதினீர்களோ அப்படித்தான் வேலை நடக்கிறது.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. வெட்டப்படும் மரத்தின் ஒவ்வொரு பகுதியும் எங்கே போகப்போகிறது என்பது ரம்பம் ஓடத் தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். பிரிக்கும் வேலை மரத்தின் அடியிலேயே முடிய வேண்டும். கிடங்கில் கொட்டிய பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று திட்ட அறிக்கைகளில் எழுதுவது எளிது. அங்கே போய்ச் சேரும்போது மண்ணும் கல்லும் பிளாஸ்டிக்கும் கலந்திருக்கும். கல் கலந்த கிளையைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சில்லாக்கும் இயந்திரத்தில் விட்டால் கத்தி மழுங்கும். பிளாஸ்டிக் கலந்த சில்லை எந்தத் தோட்டத்தவரும் தொடமாட்டார். சாலையில் விழுந்த மரம் விழுந்த கணத்தில் சுத்தமான பொருள். அதைக் குப்பையாக்குவது நாம் அள்ளும் விதம்.

கோடு எங்கே போடுவது என்பதற்கு அளவுகோல் தேவையில்லை. ஏழு சென்டிமீட்டர் தடிமன், ஏறத்தாழ மணிக்கட்டைவிடச் சற்றுப் பெரியது. அதற்கு மேற்பட்டதெல்லாம் மரம் அல்லது விறகு. அதற்குக் கீழ்ப்பட்டதெல்லாம், தழையோடு சேர்த்து, சில்லாகி, மண்ணின் மேல் பரப்பும் மூடாக்கு ஆக வேண்டும். இந்த அளவு நான் மனம்போனபடி சொல்வதல்ல. கனடாவின் கியூபெக்கில், லாவல் பல்கலைக்கழகத்தின் ழில் லெமியூவும் அவருடன் வேலை செய்தவர்களும் கிளைச் சில்லைக் கொண்டு மண்ணை வளப்படுத்துவதை ஆராய்ந்தபோது ஏழு சென்டிமீட்டருக்கு உட்பட்ட இளங்கிளைகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மரத்தின் சத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அடிமரத்தில் கரிமத்தின் (கார்பன்) அளவு தழைச்சத்தைப் (நைட்ரஜன்) போலப் பல நூறு மடங்கு. இளங்கிளையிலும் இலையிலும் அந்த விகிதம் வெகுவாகக் குறைந்துவிடும். நல்ல விறகாகும் பகுதி மூடாக்குக்கு அவ்வளவு உயர்ந்ததல்ல, நல்ல மூடாக்காகும் பகுதி விறகுக்கு உதவாது என்பது நமக்கு வாய்ப்பான செய்தி. இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடுவதில்லை.

போக்குவரத்துச் செலவைப் பாருங்கள். திட மரம் ஒரு கன மீட்டரைச் சில்லாக்கினால் ஏறத்தாழ இரண்டரை கன மீட்டர் சில்லு வரும். பெருகிவிட்டதே என்று தோன்றலாம். அதே மரம் கிளையும் கொப்புமாகக் கிடந்தால் அதைப்போல இன்னும் பல மடங்கு இடம் பிடிக்கும். கிளைகளை அப்படியே ஏற்றும் லாரி பெரும்பாலும் காற்றைத்தான் சுமக்கிறது. இழுத்துச் செல்லும் வகைச் சில்லு இயந்திரம் மரத்தடிக்கே வந்தால் நடைகள் குறையும். அந்தச் சில்லு அதே தெருவில் நிற்கும் மற்ற மரங்களின் காலடிக்குப் போனால் பல நடைகள் தேவையே இல்லாமல் போகும். நடைக்கணக்கில் பணம் கொடுப்பதை நிறுத்தாதவரை இந்தக் கணக்கு யாருக்கும் இனிக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

மூடாக்கைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும். இந்த மடலை எழுதுபவன் தோட்டம் வைத்திருப்பவன் என்பதோடு, அதிகாரிகளின் தயக்கம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது என்பதும் காரணம்.

தரையில் பரப்பிய மரச்சில்லு வெயிலில் மண்ணின் ஈரம் ஆவியாவதைக் குறைக்கிறது. மழைத்துளி நேராக மண்ணில் அறைந்து மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு போவதைத் தடுக்கிறது. களை விதைக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்கிறது. நடைபாதை மரங்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: கால்களும் வண்டிச் சக்கரங்களும் மிதித்து இறுகிப்போன மண்ணில் வேருக்குக் காற்றும் நீரும் இறங்குவதில்லை, சில்லு மூடிய மண்ணில் அந்த இறுக்கம் நேரடியாக விழாது, அடியில் மண்புழு வேலையைத் தொடங்கிவிடும். ஆண்டுக்கொரு முறை மேலே புதுச் சில்லு போட்டால் போதும், பழையது மக்கி மண்ணாகிக்கொண்டே இருக்கும்.

“மரச்சில்லு மண்ணிலிருக்கும் தழைச்சத்தை உறிஞ்சிவிடும், செடி மஞ்சளாகிவிடும்” என்று சொல்லித் தோட்டத் துறையினரே சில்லைத் திருப்பி அனுப்புவதுண்டு. இதில் பாதிதான் உண்மை. சில்லை மண்ணோடு கலந்து கொத்திவிட்டால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். அந்த நாட்களில் செடி தவிக்கும். மேலே பரப்பினால், சில்லும் மண்ணும் தொடும் அந்த மெல்லிய படலத்தில் மட்டுமே இது நடக்கும். முளைத்தெழும் களை விதைக்குத்தான் அதனால் இடைஞ்சல். ஆழத்தில் வேரோடியிருக்கும் மரத்துக்கும் புதருக்கும் ஒன்றும் ஆகாது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை அறிஞர் லிண்டா சாக்கர்-ஸ்காட் இதைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுதிவருகிறார். மரம் வெட்டுவோர் தரும், பட்டையும் கட்டையும் இலையும் கலந்த கரடுமுரடான சில்லையே மரம் செடிகளுக்கான மூடாக்குகளில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக அவர் வைக்கிறார். ஒரே சீராக அரைத்த மெல்லிய தூள் அடையாக இறுகி நீரை உள்ளே விடாது. கரடுமுரடானதற்கு அந்தக் குறை இல்லை. விதை போட்ட பாத்தியிலும் இளம் நாற்றிலும் பச்சைச் சில்லு வேண்டாம் என்ற ஒரு விலக்கை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

களையை அடக்க வேண்டுமென்றால் பத்து சென்டிமீட்டர் உயரம் தேவை. இரண்டு விரல் உயரத்துக்குத் தூவிவிட்டு “போட்டுப் பார்த்தோம், களை வந்துவிட்டது” என்று கோப்பை மூடக் கூடாது. அதே சமயம், மரத்தின் தண்டைச் சுற்றிக் கோபுரம்போல் குவிப்பதை எந்தப் புண்ணியவான் தொடங்கிவைத்தாரோ தெரியவில்லை. பூங்காவுக்குப் பூங்கா அதைப் பார்க்கிறேன். தண்டோடு ஒட்டிக் குவிந்த சில்லில் ஈரம் தங்கிப் பட்டை அழுகும், பூஞ்சை நுழையும், எலி வந்து பட்டையைக் கடிக்கும். மரத்தைக் காக்கப் போட்ட மூடாக்கே அதைக் கொன்றுவிடும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் சில்லு தொடங்க வேண்டும். கட்டடச் சுவரிலிருந்தும் இதே இடைவெளி நல்லது.

சில்லைக் குவித்து வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். பச்சைச் சில்லுக் குவியல் சில நாட்களிலேயே உள்ளுக்குள் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். பிரான்சின் தெற்கில் ழான் பேன் என்பவர் 1970களில் இந்தச் சூட்டையே பயன்படுத்தினார்: புதர்க் கழிவைச் சில்லாக்கிப் பெரிய குவியலாக்கி, அதற்குள் குழாயைச் சுருட்டிவைத்து, வீட்டுக்கு வெந்நீர் எடுத்தார். கெட்டிக்கார மனிதர். கவனிப்பாரில்லாத மலைபோன்ற குவியல்களில் இதே சூடு தானாகத் தீப்பிடிக்கும் அளவுக்கு ஏறுவதும் உண்டு. நாள்பட்ட குவியலைக் கிளறும்போது கிளம்பும் பூஞ்சைத் தூசு நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் தேவை. சிறு சிறு குவியல்களாக வைத்து வாரக்கணக்கில் தேங்கவிடாமல் கொடுத்துவிடுவதே வழி. இலவசம் என்று அறிவித்துத் திறந்த இடத்தில் வைத்தால் எடுத்துப்போக ஆட்கள் வருவார்கள். வருபவரிடம் விண்ணப்பப் படிவமும் அடையாளச் சான்றின் நகலும் கேட்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வண்ணம் பூசிப் பையில் அடைத்து விற்கும் ‘அலங்கார’ச் சில்லைப் பூங்காக்களுக்கு வாங்கும் அதிகாரிகளிடம் ஒரு வார்த்தை. சொந்த மரத்தின் சில்லைப் பணம் கொடுத்துக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, வேறெங்கோ உடைத்த பழைய பலகைப் பெட்டிகளின் சில்லைப் பணம் கொடுத்து வாங்குகிறீர்கள். சில இடங்களில் கட்டடம் இடித்த மரச்சாமானையும் மரக்கழிவோடு சேர்த்து அரைத்துவிடுகிறார்கள். கரையான் அரிக்காமலிருக்கச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் சேர்த்துப் பதப்படுத்திய மரம் அதில் இருக்கக்கூடும். அமெரிக்காவில் இந்த வகை மரத்தை வீட்டுப் பயன்பாட்டிலிருந்து 2003 இறுதியோடு உற்பத்தியாளர்களே விலக்கிக்கொண்டார்கள் என்றாலும், அதற்கு முன்பு கட்டிய வேலிகளும் திண்ணைகளும் இன்னும் இடிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. பிள்ளைகள் ஊஞ்சலாடும் இடத்தில் அதைப் பரப்பக் கூடாது. இடிபாட்டு மரமும் வெட்டிய மரமும் ஒரே லாரியில் ஏறவே கூடாது.

இனி விறகு.

விறகுக்கென்று ஒதுக்கியதைப் பச்சையாகக் கொடுப்பது உதவியல்ல. அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். எடைபோட்டு விறகு விற்கும் இடத்தில் பச்சை விறகு வாங்குபவர் பாதிக் காசைத் தண்ணீருக்குக் கொடுக்கிறார். எரிக்கும்போது அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பத்தின் ஒரு பங்கு செலவாகிறது. ஈரம் 20 சதவீதத்துக்குக் குறைந்த விறகில் கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். பாதி ஈரமுள்ள விறகில் அது 8ஐ ஒட்டி நின்றுவிடும். அடுப்பு சரியாகச் சூடேறாமல் முழுமையாக எரியாத புகைதான் அதிகம் வரும். புகைபோக்கியில் தார்போன்ற கீல் படியும்.

விறகை உலர்த்துவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அடுப்பின் அளவுக்கு அறுக்க வேண்டும், பிளக்க வேண்டும். பட்டையோடு உருண்டையாக விட்ட கட்டை ஆண்டுக்கணக்கில் காயாது. ஈரம் முக்கியமாக அறுத்த முனைகள் வழியாகத்தான் வெளியேறும், பிளந்தால் பக்கவாட்டிலும் வழி கிடைக்கும். பச்சையாக இருக்கும்போதே பிளப்பது பெரும்பாலான மரங்களில் எளிது. இறுகிக் காய்ந்த பிறகு கோடரி திரும்பி வரும். தரையில் படாமல் இரண்டு கழிகளின் மேல் அடுக்கி, மேற்புறத்தை மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும். மொத்தத்தையும் தார்ப்பாயால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே பூஞ்சைதான் வளரும். மென்மரம் அரை ஆண்டிலும், வைரம் பாய்ந்த மரம் ஓராண்டு முதல் இரண்டு ஆண்டிலும் தயாராகும். காய்ந்த கட்டையின் முனையில் ஆரம் ஆரமாக வெடிப்பு விழும், இரண்டு கட்டைகளை மோதினால் ‘டக்’கென்று கணீரென ஒலிக்கும். சந்தேகமிருந்தால் ஈரமானி வாங்கிக்கொள்ளலாம். கட்டையைப் புதிதாகப் பிளந்து உட்புறத்தில் குத்திப் பார்க்க வேண்டும், வெளிப்புறம் பொய் சொல்லும்.

விறகைப் பற்றி இவ்வளவு பேசினாலும் அதைக் கொண்டாட எனக்கு மனமில்லை. விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் போன்றவற்றை எரிப்பதால் வீட்டுக்குள் சூழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. புதிதாக யாரையும் விறகுக்கு மாற்றுவது இந்த மடலின் நோக்கமல்ல. ஏற்கெனவே விறகு எரிக்கும் அடுப்பும் சூளையும் கொதிகலனும் எங்கும் இருக்கின்றன. அவற்றுக்காக வேறு மரங்கள் வெட்டப்படுகின்றன. எப்படியும் விழப்போகிற மரத்தின் கட்டை, நன்றாக உலர்ந்த பிறகு, அங்கே போகட்டும் என்கிறேன். வெட்டவெளியில் குவியலாகக் கொளுத்துவது எந்த வகையிலும் விறகு எரிப்பதாகாது: வெப்பம் யாருக்கும் பயன்படாமல் போய், புகை மட்டும் எல்லோருக்கும் கிடைக்கிறது. அதில் அரளிபோன்ற நச்சுச் செடிகளின் கிளை கலந்திருந்தால் அந்தப் புகையே விஷம்.

கிடங்கில் புதைத்தால் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு கிளம்புமே, அதை ஏன் சொல்லவில்லை என்று சூழலியல் நண்பர்கள் கேட்பார்கள். சொல்லலாம், ஆனால் அளவோடு. காற்றில்லாத இடத்தில் புதைந்த இலையும் இளந்தழையும் மீத்தேன் ஆவது உண்மை. பருத்த கட்டை அப்படியல்ல. அதற்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் காற்றில்லாமல் எளிதில் சிதையாது, கட்டை பல பத்தாண்டுகள் பெருமளவு அப்படியே கிடக்கும். கட்டை கிடங்கில் செய்யும் பெரிய கேடு இடத்தை அடைப்பதுதான். வலுவில்லாத வாதத்தை வைத்து அதிகாரிகளிடம் போனால் வலுவான வாதமும் சேர்ந்து தோற்கும்.

நோயும் பூச்சியும் பற்றி நீங்கள் கேட்கும் முன் நானே சொல்கிறேன். என் பக்கத்தின் கடினமான பகுதி இது. ஆசியாவைச் சேர்ந்த மரகதப் பச்சை வண்டு ஒன்று 2002இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆஷ் என்ற மரத்தின் பட்டைக்கடியில் அதன் புழு குடைந்து, நீரும் உணவும் போகும் பாதையை அறுத்துவிடும். அந்த வண்டு தானாகப் பறந்து அதிக தூரம் போவதில்லை. மனிதர்கள் வண்டியில் ஏற்றிச் சென்ற விறகுதான் அதை மாநிலம் மாநிலமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டுப்போயின. ஆகவே விறகு எங்கே வெட்டப்பட்டதோ அந்த வட்டாரத்துக்குள்ளேயே எரிந்து முடிய வேண்டும். தூரத்துக்குப் போகும் மரத்துக்குச் சூடேற்றிப் பதப்படுத்தும் விதி பன்னாட்டு வணிகத்தில் ஏற்கெனவே இருக்கிறது: சரக்குப் பெட்டிகளுக்கான மரம், அதன் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும்.

சில்லாக்குவது இந்த இடத்தில் நமக்குத் துணை. அதே வண்டைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க விதிகளில், இரண்டு பக்கமும் ஓர் அங்குலத்துக்கு உட்பட்டதாகச் சில்லாக்கிய மரம் பாதுகாப்பானதாக ஏற்கப்பட்டது. அந்த அளவில் புழு பிழைப்பதில்லை. எல்லா நோய்க்கும் இது பொருந்தாது. வேரழுகல் பூஞ்சை தாக்கிய மரத்தின் தூரையும் வேர்க்கட்டையையும் அரைத்த தூளை வேறு மரங்களின் வேரடியில் போடக் கூடாது. வெட்டும் முன் மரத்தைப் பார்வையிடும் அலுவலர், எந்த நோயால் சாகிறது என்று ஒரு வரி எழுதினால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி தீரும். அந்த ஒரு வரி எழுதும் தகுதியுள்ளவர் துறையில் இல்லையென்றால், அது இந்த மடலைவிடப் பெரிய பிரச்சினை.

வீண் பயமும் உண்டு. 2005இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் லூசியானாவில் ஏராளமான மரங்களைச் சாய்த்த மறு ஆண்டு, அங்கிருந்து வரும் மூடாக்குப் பைகளில் ஃபார்மோசக் கரையான் ஒளிந்திருக்கிறது, வாங்காதீர்கள் என்று ஒரு மின்னஞ்சல் நாடெங்கும் சுற்றியது. கரையான் அந்தப் பகுதியில் இருந்தது உண்மை. அதனாலேயே அங்கிருந்து மரக்கழிவு வெளியேறக் கூடாது என்று மாநில வேளாண் துறை முன்பே தடை போட்டிருந்தது. மின்னஞ்சல் அதைச் சொல்லவில்லை. துறை தன் விதியை மக்களுக்குப் புரியும்படி முதலிலேயே அறிவித்தால் வதந்திக்கு இடம் குறையும்.

ஒப்பந்தக்காரர்களின் நியாயமான குறை ஆணி. விளம்பரத் தட்டி, விளக்குச் சரம், காப்பு வேலியின் இரும்பு என்று தெருமரத்தின் உடம்பில் ஏறாத உலோகம் இல்லை. மரம் அவற்றை விழுங்கி மேலே பட்டை மூடிவிடுகிறது. ரம்பமோ சில்லு இயந்திரத்தின் கத்தியோ அதில் பட்டால் நட்டம் யாருடையது என்பதை ஆணையில் எழுதுங்கள். அடிமரத்தின் கீழ் இரண்டு மூன்று மீட்டரில்தான் பெரும்பாலும் ஆணி இருக்கும். உலோகம் காட்டும் கருவி ஒன்று அதற்குப் போதும். மரத்தில் ஆணி அடிப்பவரைத் தண்டிக்கும் விதி உங்களிடம் இருந்தால் அதை ஒரு முறையாவது பயன்படுத்திப் பார்க்கலாமே.

சில்லு இயந்திரம் ஆளைக் கொல்லக்கூடியது. இதை மென்மையாகச் சொல்ல வழியில்லை. கிளையின் கொக்கி சட்டைக் கையில் மாட்டினால் இழுத்துக்கொண்டு போக ஒரு நொடி போதும். அடிமுனையை முதலில் உள்ளே விட வேண்டும், பக்கவாட்டில் நிற்க வேண்டும், சிக்கிக்கொண்டதைக் காலால் தள்ளவே கூடாது, தொளதொள உடையும் அகன்ற மணிக்கட்டுக் கையுறையும் ஆகாது, நிறுத்தும் கம்பி வேலை செய்கிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். தனி ஆளாக யாரையும் இயந்திரத்தில் விடக் கூடாது. இவற்றுக்கான பயிற்சி நேரத்துக்கும் பாதுகாப்புக் கருவிக்கும் ஒப்பந்தத் தொகையில் இடம் இல்லையென்றால், குறைந்த விலை கேட்டவருக்கு ஒப்பந்தம் கொடுத்ததன் பொருள், தொழிலாளியின் கையை அவருக்கு ஈடு வைத்ததுதான். பனை வகைகளின் நாரும் ஓலையும் உருளையில் சுற்றிக்கொள்ளும். அவற்றை இயந்திரத்தில் கட்டாயப்படுத்தாமல் வேறு வழியில் மக்கவிடலாம்.

முன்பு பாதியில் விட்ட பேச்சு ஒன்று பாக்கி: தப்பித்துப் போகும் அடிமரம். வைரம் பாய்ந்த நெடுங்கட்டை விறகாகக்கூடாது, சில்லாகவே கூடாது. அறுத்துப் பலகையாக வேண்டும். அது இன்று எங்கே போகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மிலாறு பொதுச் சொத்தாகவும் அடிமரம் தனிச் சொத்தாகவும் பிரியும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் வைக்க நான் வரவில்லை. வெட்டும் முன் மரத்தின் சுற்றளவையும் உயரத்தையும் அளந்து, படம் எடுத்து, இனத்தின் பெயரோடு பொதுவில் போடுங்கள். வெட்டிய பிறகு எத்தனை நீளத்தில் எத்தனை கட்டை என்று அதே இடத்தில் எழுதுங்கள். ஏலம் திறந்த வெளியில் நடக்கட்டும். மூடாக்கும் விறகும் இலவசமாகக் கொடுப்பதற்கான செலவில் ஒரு பகுதி அந்த ஏலப் பணத்திலிருந்தே வரக்கூடும்.

எல்லாவற்றையும் அள்ளிவிடவும் வேண்டாம். ஆள் நடமாட்டம் குறைந்த பூங்கா மூலையில், ஏரிக்கரையில், ஒரு பருத்த கட்டையை அப்படியே கிடக்க விடுங்கள். ஃபின்லாந்துக் காடுகளில் வாழும் உயிரினங்களில் 20 முதல் 25 சதவீதம், வாழ்வின் ஏதாவது ஒரு கட்டத்தில், மட்கும் மரத்தை நம்பியே இருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக நாம் பெருக்கித் தள்ளுவது அவற்றின் வீட்டை.

அடுத்த ஒப்பந்தப்புள்ளியில், கழிவுகளை அகற்றச் சொல்லும் அந்தக் கடைசி வரிக்குப் பதிலாக இப்படி ஒரு பத்தி இருந்தால் போதும். ஏழு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட தடிமனுள்ளவை மரத்தடியிலேயே தனியே அடுக்கப்பட வேண்டும். அறுப்புக்குத் தகுந்தவை அளந்து ஒப்படைக்கப்பட வேண்டும். மற்றவை அறுத்துப் பிளந்து, குறிப்பிட்ட உலர்த்தும் இடத்தில், தரையில் படாமல் அடுக்கப்பட வேண்டும். ஏழு சென்டிமீட்டருக்குக் கீழ்ப்பட்டவை அந்த இடத்திலேயே சில்லாக்கப்பட்டு, முதலில் அதே தெரு மரங்களுக்கும், மிஞ்சியது அறிவிக்கப்பட்ட பொது இடத்துக்கும் போக வேண்டும். நோயுற்றதாகக் குறிக்கப்பட்டவை தனி வண்டியில் போக வேண்டும். திறந்தவெளியில் எரித்தால் பணம் நிறுத்தப்படும். தொகை, பிரித்து ஒப்படைக்கப்பட்ட அளவுக்கே வழங்கப்படும். லாரி நடைக்கு அல்ல.

ஒரே நாளில் எல்லாத் தெருவுக்கும் இதைச் செய்யச் சொல்லவில்லை. ஒரு பூங்கா, ஒரு மின்பாதை, ஒரு பருவம் என்று தொடங்குங்கள். காற்றும் மழையும் வரும் பருவத்துக்கு முன்பே தொடங்குவது நல்லது. மரங்கள் கூட்டமாக விழுந்த பிறகு யாருக்கும் ஆணை எழுத நேரம் இருக்காது, அப்போது எல்லாமே மறுபடி அந்த ஒரே குவியலாகிவிடும். சில்லைக் கொட்ட இடம் இல்லை என்று எந்த வாரம் தோன்றினாலும் எங்கள் தோட்டத்துக்கு அனுப்புங்கள். பிளாஸ்டிக்கும் ஆணியும் இல்லாமல் வந்தால் இறக்குகூலியை நாங்களே கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
மூடாக்குக்குக் காத்திருக்கும் ஒரு தோட்டக்காரன்